பரிவட்டம்

மாத்திரையை நிறுத்துவதென்று அழகர் முடிவு செய்தது 1964ஆம் ஆண்டு தை மாதத்தில். முத்தாலம்மன் திருவிழாவுக்கு அப்போது நான்கு மாதம் இருந்தது.

அவருக்கு வயது நாற்பத்து மூன்று. இரண்டாண்டுக்கு முன் சிறுநீர் சொட்டுச்சொட்டாக இறங்கத் தொடங்கியபோது, வடமதுரை வைத்தியர் அதைச் சூடு என்றார். ஊர் அதைவிட மோசமான பெயரைச் சொன்னது. மதுரை டாக்டர்தான் உண்மையைச் சொன்னார். மூத்திரப்பைக்கு அடியிலுள்ள சுரப்பியில் புற்று. கிழவர்களுக்கு வருவது, இவருக்கு முந்திக்கொண்டது. அந்தப் புற்று ஆண்சத்தைத் தின்று வளர்வதால் விதைகள் இரண்டையும் அகற்ற வேண்டும்; அதன்பின் நாள்தோறும் மாத்திரை. சம்மதக் கையெழுத்துக்கு உறவினர் ஒருவர் வேண்டும் என்றார்கள். தம்பி நாச்சிமுத்து போட்டான். இதை எவரிடமும் சொல்வதில்லை என்று, அண்ணன் கேட்டுக்கொண்டபடி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியமும் செய்தான்.

நோய் அடங்கியது. அழகர் மறுபடி கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். ஆனால் மாத்திரை பெண்சத்தின் வேலையைச் செய்தது. ஓராண்டுக்குள் மார்பு இரண்டும் பருத்தன. சட்டை உரசினாலும் வலித்தது. வயலில் கொளுத்தும் வெயிலிலும் சட்டையைக் கழற்றாத சம்சாரியைப் பார்த்து, "மதுரைக்குப் போய்ட்டு வந்து தொரையாயிட்டாருப்பா" என்று ஊர் சிரித்தது.

திருவிழாவில் அம்மனுக்குச் சார்த்திய துணியை, மூத்த வீட்டின் மூத்த ஆணான அழகருக்குப் பூசாரி பரிவட்டமாகத் தலையில் கட்டுவார். அதற்குச் சட்டை கூடாது. துண்டும் இடுப்பில்தான் இருக்க வேண்டும். பங்காளிகளுக்குள் சாவுத் தீட்டு இருந்தாலொழிய, ஓராண்டு வராதவனின் உரிமை அடுத்த ஆணுக்குப் போய்விடும். முந்தைய ஆண்டு சித்தப்பா ஒருவர் தக்க சமயத்தில் இறந்து உதவினார்.

"தம்பிக்கே விட்டுக்குடுத்துருங்களேன். நமக்கு ஆம்பளப் புள்ளயா இருக்கு? என்னைக்கிருந்தாலும் அவுகளுக்குத்தான போகப்போகுது" என்றாள் மனைவி மாயம்மாள்.

"நான் செத்த பெறகு போகட்டும்."

"அதுக்குத்தான் மாத்திரைய நிறுத்துறீகளாக்கும்?"

அழகர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கத்தரிக்குப் போனார்.

மாசியில் மார்பின் வலி குறைந்தது, பருமன் குறையவில்லை. சித்திரையில் முதுகு வலிக்கத் தொடங்கியது. வைகாசியில் திருவிழா வந்தது.

அம்மன் முன் அழகர் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டினார். மேளம் நிற்கவில்லை, பேச்சு நின்றது. பெண்கள் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பேச்சாயியின் குரல் மட்டும் எழுந்தது: "ஆத்தீ, எனக்கே இம்புட்டு இல்லையேடி!"

சிரிப்பு அடங்கும்வரை பூசாரி ராமர் துணியைக் கையில் வைத்தபடி நின்றார்.

"கட்டும்யா" என்றார் அழகர்.

"ஆம்பளைக்குக் கட்டுறதுதான வழக்கம். ஊரு என்னையக் கேக்குமே, அண்ணே."

"நோவுக்குத் தின்ன மருந்தால வந்தது இது. நான் சொன்னா நம்பமாட்டீக. இவன்ட்டக் கேளுங்க." அழகர் தம்பியைக் காட்டினார். "கூட வந்தவன் இவன்தான். ஏலே, சொல்லுடா."

நாச்சிமுத்துவின் இடுப்பிலும் துண்டு இருந்தது. சட்டையை எப்போது கழற்றினான் என்று அழகர் கவனிக்கவில்லை.

"சொல்லமாட்டேன்னு கற்பூரத்த அணைச்சிருக்கேன், அண்ணே. ஆத்தா முன்னாலயே சத்தியத்த மீறச் சொல்றீகளா?" என்றான் அவன்.

 ராமர் துணியை நாச்சிமுத்துவின் தலையில் கட்டினார். அழகருக்குத் திருநீறு கிடைத்தது; அதற்கு எவரும் தடை சொல்லவில்லை.

மறுவாரம் மதுரையில் டாக்டர் அவருடைய முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார்.

"மாத்திரை சாப்பிட்டு எத்தனை நாள் ஆச்சு?"

"நாலு மாசமுங்க."

"எதுக்கய்யா நிறுத்தினீங்க?"

"ஒரு மொழத் துணிக்குங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. எலும்புக்கு இறங்கிவிட்டது என்று சொல்லி, மாத்திரையை இரட்டித்து எழுதிக் கொடுத்தார்.

திண்டுக்கல் பஸ்ஸில் மாயம்மாள் இரண்டு மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் இல்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கினார். வெக்கை தாளவில்லை. சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மார்பைக் காற்றுக்குத் திறந்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைக்காரர் பார்த்தார். அழகரும் அவரைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டவர் அழகர் அல்லர்.