நாலு கரண்டி

என் தம்பி மனைவி கதோனி பெற்ற பிள்ளை ஐந்து கிலோவுக்கு நூறு கிராம்தான் குறைச்சல். ஊரே வந்து தூக்கிப் பார்த்தது. எங்கள் கிகூயு இன வழக்கப்படி முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அதனால் அவன் கமோதோ. மாமனார் பெயர் வைத்த பிள்ளையை அதட்ட முடியுமா? "மாமா, குடிச்சது போதும், கொஞ்சம் தூங்குங்க" என்று பிள்ளையிடம் கெஞ்சுவாள் கதோனி. எங்களுக்குச் சிரித்தே வயிறு புண்ணாகும்.

அவன் வயிற்றில் இருந்தபோது அவளுக்குச் சர்க்கரை இருந்தது. பிள்ளையோடு அதுவும் போய்த் தொலைந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினாள், "போனது திரும்பி வரும்மா. ஆறாவது வாரம் வெறும் வயித்தோட வா, ரத்தம் பாக்கணும்."

பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொண்டவள் நான். கருமொச்சையும் வாழைக்காயும் மசித்து ஊட்டினேன். பால் கொடுக்கிறவள் வெறும் வயிற்றோடு வாசலைத் தாண்டுவது எங்கள் வீட்டில் நடக்காது. ரத்தம் பார்க்கப் போகவேண்டிய அன்று காலை பெரிய குவளையில் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றி, நாலு கரண்டி சர்க்கரை போட்டு நீட்டினேன்.

"வேண்டாம் அண்ணி, நர்ஸ் திட்டுவாங்க."

"அந்த நர்ஸா வந்து உன் பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறா? குடிடி."

குடித்தாள். ஆஸ்பத்திரியில் கமோதோவுக்கு எடை பார்த்து, ஊசி போட்டு, தாய்க்கும் பிள்ளைக்குமான புத்தகத்தில் எழுதினார்கள். கதோனியிடம், "சாப்பிட்டுட்டு வந்தா எப்படிம்மா? இன்னொரு நாள் வா" என்றார்கள். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை, தேயிலை பறிப்பு வந்துவிட்டது. பிள்ளையின் ஊசிக்கு மட்டும் ஒருமுறைகூடத் தவறவில்லை. அவன் பக்கங்கள் நிரம்பின, அவள் பக்கம் காலியாகக் கிடந்தது.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. அவளுக்கு எப்போதும் தாகம், எப்போதும் களைப்பு. "மகாராணிக்கு உடம்பு வணங்கலையா?" என்று கிண்டல் செய்தவளும் நான்தான். போன மாதம் கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டை அவள் பாதத்தில் ஏறியது. வலிக்கவேயில்லை. மாலையில் பூட்ஸைக் கழற்றியபோதுதான் ரத்தத்தைப் பார்த்தாள். இப்போது கணுக்கால் வரை கறுத்துவிட்டது.

டாக்டர் மூடி மறைக்கவில்லை. "ரொம்ப வருஷமா சர்க்கரை இருந்திருக்கு. காலை எடுத்தாத்தான் உயிர். கண்ணும் சிறுநீரகமும் கெட்டிருக்கு, அதுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"சாப்பாட்டுலயும் மாத்திரையிலயும் அடக்கியிருக்கலாம்."

அவர் மேல் எரிச்சலாக வந்தது. ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இன்று காலை ஆபரேஷன். நாள் முழுக்க வெளியே உட்கார வேண்டுமே என்று எனக்குக் கஞ்சியைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்ததும் கதோனி வாசனை பிடித்துவிட்டாள்.

"எனக்கு இன்னைக்கு வெறும் வயிறு, அண்ணி" என்றாள். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு கேட்டாள், "மாமா பள்ளிக்கூடம் போறப்போ இதைத்தான் குடிச்சாரா?"

"ஆமா."

"சர்க்கரை எத்தனை கரண்டி?"

"நாலு" என்றேன்.

அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டான்.