வாசலில் நுழையாத மேடை

இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! ஊருக்கெல்லாம் கதவு செய்து மாட்டும் தச்சர், சொந்த வீட்டு வாசலை அளக்காமல் விட்டுவிட்டார்.

மகள் நோயில் படுத்திருந்தாள். பொம்மை லாரி என்றால் அவளுக்கு உயிர். வீட்டில் அவளுக்கு டிரைவரம்மா என்றே பெயர். அவள் பார்த்துக்கொண்டிருக்க, தச்சர் கட்டிலருகே உட்கார்ந்து, லாரி ஓட்டப் பெரிய பலகை மேடையில் மலைப்பாதை, பாலம், மணல்மேடு எல்லாம் அமைத்தார். அவள் எழுந்து நடமாடியதும் முற்றத்தில் போடுவதாகப் பேச்சு. முடித்துத் தூக்கினால், எப்படித் திருப்பினாலும் வாசலில் நுழையவில்லை.

"கதவு போடுற மனுஷனுக்கு அளந்து பாக்கத் தோணலையா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். டிரைவரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

அவள் கண்மூடிய மறுமாதம் மனைவியின் அண்ணன் ரம்பத்தோடு வந்தார். "பாக்கப் பாக்கப் பெத்த வயிறு பத்தி எரியும், மாப்ளே. ரெண்டா அறுத்து வெளிய எடுத்துரலாம்."

மனைவி வந்து பாலத்தின்மேல் கையை வைத்து மறித்தாள்.

"நல்லவேளைங்க," என்றாள் கணவரிடம், "அன்னைக்கு நீங்க அளக்கல."