வேலையில் கொஞ்சம் மாற்றம்

நேற்றுக் காலை வைசன் வேலைக்கு வந்தார் என்று கிஃப்ட் சொன்னபோது, வைசன் சவப்பெட்டியில் படுத்து இரண்டு இரவுகள் ஆகியிருந்தன.

"சாயங்காலம் நாலரைக்குக் கெளம்பியும் போயிருக்காரும்மா. இன்னிக்கும் வந்துட்டாரு. இன்னும் கெளம்பல."

பெட்டியின் தலைமாட்டில் பாய்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்த எனெலெசி, கணவனின் முகத்தைப் பார்த்தாள். எங்கும் கிளம்புகிற முகமாகத் தெரியவில்லை.

கிஃப்ட் தண்ணீர் நிலையத்தில் வருகைப் பதிவு பார்ப்பவன். ஆபீஸ் லாரியோடு வரவேண்டியவன் சைக்கிளில் வந்து, வாசலில் முழங்காலிட்டு இதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"லாரி எங்கடா?" என்றான் எனெலெசியின் தம்பி லாட்சன்.

"வேலையில இருக்கறவரோட அடக்கத்துக்கு லாரி குடுக்க விதியில்லன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. விரல் ரேகை மெஷின் சொல்றதுதான் பதிவு. இவரு விரலை வெச்சிருக்காரு."

வெளியே மாமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்த குழி வெட்டிகளின் காதில் இது விழுந்தது.

"அப்ப குழியை மூடிறலாமா? பாதிதான் வெட்டியிருக்கு."

"மூடாதே. கிஃப்ட்டுக்கு அளவு சரியா இருக்கும்."

எனெலெசி சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொரு கணக்கு ஓடியது.

வைசன் முப்பத்தோரு வருடம் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கரைத்தவர். அதற்குள் நிலையத்தின் பெயர் ஏழு முறை மாறியது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய பெயிண்டின் கனம் தாங்காமல் வாசல் தூண் தெருப்பக்கம் சாய்ந்து, இன்றைக்கும் பஸ்கள் அதை விட்டு ஒதுங்கித்தான் போகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மற்றவர்கள் கூட்டம் போட்டுக் கத்தினார்கள். வைசன் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். என்ன என்று கேட்டால், "வேலையில கொஞ்சம் மாத்தம்" என்பார். பம்பு வெடித்து ஃபோர்மேன் மாமர உச்சியில் போய் உட்கார்ந்த நாளிலும் அதே பதில்தான். ஃபோர்மேன் இறங்க மூன்று நாள் ஆயிற்று.

போன வருடமும் அதையே சொன்னார். அந்த முறை எனெலெசி நம்பவில்லை. மறுநாளிலிருந்து அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினார். ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குப் பதிலாக இரண்டு கட்டச் சொன்னார். ஒன்றிலேயே பாதியை மிச்சம் கொண்டுவருகிற மனிதர். ஒரு வருடமாக அந்த இரண்டாவது கிழங்கை அவித்துக் கொடுத்ததும் எனெலெசிதான். பார்த்துப் பார்த்துச் சின்னதாக எடுத்து அவித்தாள்.

"எந்த விரல்?" என்றாள்.

"இடது கட்டைவிரலும்மா."

லாட்சன் துணியை விலக்கிப் பார்த்தான். "இங்கதான் இருக்கு."

"அவ யாரு?"

"யாரும்மா?"

"அந்த விரலுக்குச் சொந்தக்காரி."

"பொம்பளைன்னு நான் சொல்லலையேம்மா."

"நான் சொல்றேன்."

ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. தண்ணீர் நிலையத்துப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் குளியல் தடுப்பின் ஓரமாக, இடது கையை இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டு நின்றாள். உள்ளே வருவதும் இல்லை, போவதும் இல்லை.

"அவளைக் கூப்பிடு."

"அக்கா, அடக்கத்தன்னிக்கு வேணாம்."

"இன்னிக்கு விட்டா அவரை வெச்சுக்கிட்டுக் கேக்க முடியாது."

அவள் வந்து மண்டியிட்டாள். நாற்பது வயது இருக்கும். பெயர் டொரிகா, தொட்டி கழுவுகிறவள். அறையிலிருந்த பெண்கள் விம்மலைப் பாதியில் நிறுத்தினார்கள்.

"கிழங்கு நல்லா இருந்துச்சா?" என்றாள் எனெலெசி.

"சின்னதா இருந்துச்சும்மா."

டொரிகாவே சொன்னாள்.

"அவரு விரல்ல கோடே இல்லம்மா. சுண்ணாம்பு தின்னுருச்சு. மெஷின் வந்து பதினோரு நாள் அவரை யாருன்னே தெரியாதுன்னுச்சு. அவரு விரலைக் கால்சட்டையில தொடைச்சுட்டுத் திரும்ப வெப்பாரு. பதினோரு நாளும் சுண்ணாம்பு கரைச்சாரு. பதிவுல மட்டும் வரல. மெஷினுக்குத் தெரியாதவங்களுக்கு மாசக் கடைசியோட வேலை இல்லன்னு நோட்டீஸ் வந்துச்சு. ஒட்ட வந்தவனுக்குப் பசை கரைச்சுக் குடுத்ததும் அவருதான்."

"அப்புறம்?"

"திரும்ப விரல் பதிய ஒரு நாள் விட்டாங்க. கிஃப்ட் தம்பி டீக்குப் போயிருந்தாரு. எனக்குக் கட்டைவிரல் ரெண்டு இருக்கு. மெஷினுக்கு ஒண்ணு போதும்."

கிஃப்ட் கூரைத் தகரத்தில் எத்தனை ஆணி என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் பாக்கறதுக்கு முன்னால ரெண்டு பேரும் வந்துருவோம். வலது விரல் எனக்கு, இடது அவருக்கு. வீட்டுல சொல்லுங்கன்னேன். 'அவ ராத்திரி தூங்கணும்'னாரு."

அந்த ஒரு வருடமும் எனெலெசி சரியாகத் தூங்கியதில்லை. அதை இப்போது யாரிடம் சொல்வது?

"செத்தப்புறமும் எதுக்கு வெச்சே?"

"நேத்து பழக்கத்துல வெச்சுட்டேன். பேரு வந்துருச்சு. சாயங்காலம் அவரை உள்ளயே விட்டுட்டுப் போக மனசு வரல. அதான் வெளியவும் வெச்சேன்."

"இன்னிக்கு?"

டொரிகா பாயின் ஓலை நுனியைக் கிள்ளினாள்.

"லீவு சொல்லாம அவரு ஒரு நாளும் வராம இருந்ததில்லையேம்மா."

வெளியே பாட்டு எடுத்தார்கள். குழி முடிந்ததென்று ஆள் வந்தது. ஆறு பேர் உள்ளே நுழைந்து, வழி விடுங்க, வழி விடுங்க என்று பெட்டியின் இரு பக்கமும் குனிந்தார்கள்.

எனெலெசி டொரிகாவின் இடது கையைத் துணியிலிருந்து வெளியே இழுத்தாள். கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். தொட்டி கழுவுகிற விரல்தான். ஆனாலும் கோடுகள் ஆழமாக இருந்தன. சூடாக இருந்தது. ஆபீஸ் பதிவின்படி அதற்கு நாலரை மணி வரை வேலை நேரம்.

பெட்டி வாசலைத் தாண்டியது.

"வாக்கா," என்றான் லாட்சன்.

லாரி இல்லாததால் எல்லோரும் நடந்தே போனார்கள். கல்லறைக்கு மேட்டு வழி. எனெலெசி அந்த விரலை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள்.