மெழுகுவர்த்திக்கு அனுமதி இல்லை

ஸ்தாமாதிஸ் தன்னைக் கல்யாணத்துக்குக் கேட்கப் போகிறான் என்ற செய்தி மிர்சீனிக்கு அவன் வாயிலிருந்து வரவில்லை. கப்பலின் பாதுகாப்பு அதிகாரி சொல்லித்தான் தெரிந்தது. அதுவும் தொலைபேசியில். பிரேயஸ் துறைமுகத்தை விட்டு உல்லாசக் கப்பல் கிளம்பி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“வியாழக்கிழமை சாயங்காலம் பின்தளத்துல நிச்சயதார்த்த விருந்துக்கு மனு குடுத்திருக்கீங்க. மெழுகுவர்த்தி இருபத்துநாலுன்னு போட்டிருக்கு. கப்பல்ல நெருப்பு கூடாதுங்க, பேட்டரி விளக்குதான் தருவோம். சம்மதமா? சொன்னா எழுதிக்கிறேன்.”

“யாருக்கு நிச்சயதார்த்தம்?” என்று கேட்டாள் மிர்சீனி.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“ஐயையோ,” என்றது அந்தப் பெண் குரல். “பொண்ணே நீங்கதானா? நான் பேசினதை மறந்துடுங்க.”

மறக்கிற விஷயமா அது. மிர்சீனி கட்டிலில் உட்கார்ந்தாள். ஜன்னல் இல்லாத அறை. பக்கத்து அறைக்கு ஓர் உள்கதவு இருந்தது. அங்கே ஸ்தாமாதிஸின் அம்மா எவாந்தியா இருந்தாள். காற்று வரட்டும் என்று அந்தக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தாள். இரண்டு அறைக்கும் ஜன்னல் கிடையாது, எந்தக் காற்று எங்கிருந்து வரும் என்று கேட்க அந்தக் குடும்பத்தில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

ஒன்பது வருடம். மிர்சீனிக்கு இருபத்தேழு நடந்தபோது தொடங்கியது, இப்போது முப்பத்தாறு. அவள் வோலோஸ் நகரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவன் லிஃப்ட் ஆய்வாளன். எங்கள் ஊரில் எந்தக் கட்டடத்தில் ஏறினாலும் லிஃப்டுக்குள் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் அவன் கையெழுத்துதான். கல்யாணம் என்று வந்தபோது எவாந்தியா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: தங்கை அஸ்பாசியா கரையேறாமல் அண்ணன் மாலை மாற்றக் கூடாது. அஸ்பாசியாவோ ஒருவனுக்கு மூக்கு சரியில்லை என்றாள், இன்னொருவனுக்கு ஊர் சரியில்லை என்றாள். அப்படியே எட்டு வருடத்தைக் கடத்திவிட்டு, போன அக்டோபரில்தான் ஒரு பல் மருத்துவனைப் பிடித்துக் கட்டிக்கொண்டாள்.

அதற்குள் மிர்சீனியின் ஆசை ஆறிப்போய்விட்டது. எந்த நாளில் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எவாந்தியா வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது, எப்போது எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிறும் அதையே நினைத்தாள். பிறகு எல்லா ஞாயிறும். ஸ்தாமாதிஸ் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லையே. குடித்துவிட்டு அடித்திருந்தால் என்றைக்கோ உதறிவிட்டுப் போயிருப்பாள். இவன் எப்படியும் கேட்கப் போவதில்லை, நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டாள். அந்தச் சோம்பலுக்குத்தான் இப்போது தண்டனை.

மறுநாள் காலை, முதல் வேலையாகப் பாதுகாப்பு அதிகாரியைத் தேடிப் போனாள். கலிரோயி என்று பெயர், சியோஸ் தீவுக்காரி. ஐம்பது வயது, ஒட்ட வெட்டிய முடி. எதிராளி வாக்கியத்தை முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிற ரகம்.

“மேடம், எனக்கு ஒரு உதவி செய்யணும். அந்த மனுவைத் தள்ளிடுங்க.”

“எந்த விதியைக் காட்டி?”

“ஏதாவது ஒண்ணு. உங்ககிட்ட இல்லாத விதியா?”

கலிரோயி கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நானும் பார்த்துட்டேன்மா. மெழுகுவர்த்தி கூடாதுன்னேன், சரின்னுட்டார். தரையில ரோஜா இதழ் தூவக் கூடாது, வழுக்கும்னேன். கிண்ணத்துல போட்டு மேஜையில வெச்சுக்கறேன்னார். மண்டி போடறப்போ ஓரக் கம்பியிலேருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கணும்னேன். விடியக்காலையில வந்து அளந்து, தரையில சாக்பீஸ் கோடு போட்டுட்டுப் போயிருக்கார். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மாப்பிள்ளையை நான் பார்த்ததில்ல. என் ஆளுங்க இவர்கிட்ட பாடம் படிக்கணும்.”

“லிஃப்ட் ஆய்வாளர்.”

“அதானே பார்த்தேன்.” கலிரோயி கண்ணாடியைக் கழற்றினாள். “இஷ்டம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?”

“சொல்லிட்டு எங்க போறது? ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒரே அறை, ஒரே சாப்பாட்டு மேஜை. அவங்க அம்மா, தங்கச்சி, தங்கச்சி புருஷன், எல்லாரும் இங்கதான். கடல்ல குதிக்கவா?”

“அதுக்கும் அனுமதி இல்ல,” என்றாள் கலிரோயி. பிறகு மனம் இளகி, “காத்தோட வேகம் ஏழாம் நம்பரைத் தொட்டா பின்தளத்தை மூடிடுவோம். ஆகஸ்ட் மாசம், வடகாத்து எழும்பினாலும் எழும்பும். வேண்டிக்கோங்க. என்னால ஆனது அவ்வளவுதான்,” என்றாள்.

அன்றிலிருந்து மிர்சீனி காற்றைப் பார்க்கத் தொடங்கினாள். வரவேற்புக் கூடத்துத் திரையில் காற்றின் வேகத்தை எண்ணாகக் காட்டுவார்கள். செவ்வாய் காலை நாலு, மாலை ஐந்து. தொப்பி வாங்கப் போகிறேன், தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு, மணிக்கொரு தரம் போய்த் திரை முன்னால் நின்றாள்.

சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று எல்லாரும் நடித்தார்கள். அதில் எவாந்தியாவின் நடிப்புதான் படுமோசம்.

“உப்பைக் குறைச்சுக்கோ பொண்ணே, விரல் வீங்கிடும்,” என்றாள் செவ்வாய் இரவு, மிர்சீனியின் தட்டிலிருந்த நெத்திலியை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு.

“விரல் வீங்கினா என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.” அஸ்பாசியா நாப்கினுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். எவாந்தியா கண்ணேறு படக் கூடாது என்று மிர்சீனியின் தலைக்கு மேல் மூன்று தரம் ‘த்தூ’ சொன்னாள். ஸ்தாமாதிஸ் காது சிவந்துபோய் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிவந்த காதைப் பார்க்க மிர்சீனிக்குப் பாவமாக இருந்தது. காதல் இருக்க வேண்டிய இடத்தில் பாவம் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

புதன்கிழமை மதியம் காற்று ஏழைத் தொட்டது. நாற்காலிகளைக் கயிறு போட்டுக் கட்டினார்கள், நீச்சல் குளத்தில் வலை விரித்தார்கள். எவாந்தியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் படுத்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தாள். மிர்சீனிக்குக் கப்பல் ஏறியதிலிருந்து முதல் தடவையாகப் பசித்தது. அந்தத் தைரியத்தில், சொல்லிவிடலாம் என்று அறைக்குப் போனாள். ஸ்தாமாதிஸ் தன் சட்டைக்கு இஸ்திரி கிடைக்காததால் மெத்தைக்கு அடியில் வைத்து மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

“ஸ்தாமாதிஸ், உன்கிட்ட ஒண்ணு பேசணும்.”

“அப்புறம் பேசலாமே. வெள்ளிக்கிழமை?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது. நம்ம ரெண்டு பேரைப் பத்தி...”

“என்னடா அங்க?” என்றது உள்கதவுக்கு அப்பாலிருந்து எவாந்தியாவின் குரல், சாகக் கிடக்கிறவள் குரல் போல. “அவகிட்ட எதையும் உளறிடாதே! அதாவது... சத்தம் போடாதீங்கன்னேன், தலை சுத்துது.”

ஸ்தாமாதிஸ் உதட்டில் விரலை வைத்தான். ஒன்பது வருடமாக அவன் அந்த விரலை வைத்துக்கொண்டுதான் இருக்கிறான். மிர்சீனி வெளியே வந்து, ஆடுகிற நடைவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். எதிரே வந்த பணியாள் ஒருவன் கடல்நோய் என்று நினைத்துக் காகிதப் பை கொடுத்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை விடிந்தபோது கடல் எண்ணெய் ஊற்றி வைத்தது போலக் கிடந்தது. திரையில் காற்று ஒன்று.

மாலை ஏழரைக்கு அவளைப் பின்தளத்துக்கு அழைத்துப் போனார்கள். விதிப்படி எல்லாம் இருந்தது. எரியாத துணியில் மேஜை விரிப்பு, கனமான கிண்ணத்தில் ரோஜா இதழ்கள், ஒரே மாதிரி நடுங்குகிற இருபத்துநாலு பேட்டரி விளக்குகள், தரையில் சாக்பீஸ் கோடு. ஒரு மூலையில் சங்கிலி போட்ட படிக்கட்டு, ஆபத்துக் காலத்துக்கு மட்டும். அதன் பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டரோடு கலிரோயி. தனி விருந்து நடக்கும் தளத்தைக் கூடத்தின் பக்கமிருந்து திரை போட்டு மறைக்கக் கூடாது என்பதும் விதி. ஆகவே கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், முதல் வரிசை நாற்காலிகளில் குடும்பம் உட்கார்ந்திருந்தது. எவாந்தியா கையில் பூச்செண்டு. அஸ்பாசியா கையில் போன். பல் மருத்துவன் ஷாம்பெயின் புட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவர்கள் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

சூரியன் கடலைத் தொடும் நேரத்தில் ஸ்தாமாதிஸ் எழுந்தான். கோடு எங்கே என்று குனிந்து பார்த்து, அதற்கு உள்ளே சரியாக முழங்காலை வைத்தான். பெட்டியைத் திறந்தான். மோதிரம் அழகாகத்தான் இருந்தது.

“மிர்சீனி,” என்றான். “என்னைக் கட்டிக்கிறியா?”

ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியைக் குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்று கேட்டிருந்தாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். அவள் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“இல்ல ஸ்தாமாதிஸ். எனக்கு இஷ்டம் இல்ல. ரொம்ப நாளாவே இல்ல. முன்னாடியே சொல்லாதது என் தப்பு.”

அவன் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. கண்ணாடிப் பக்கம் தெரிகிற பாதியில் அது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. உதட்டை அசைக்காமல் பேசினான்.

“அம்மா பார்த்துட்டிருக்காங்க.”

“தெரியும்.”

“இப்போதைக்குச் சரின்னு தலையை ஆட்டிடு. மோதிரத்தைப் போட்டுக்கோ. ஊருக்குப் போய் நிதானமாப் பேசிக்கலாம். உனக்கு இஷ்டமில்லேன்னா அப்புறம் கழட்டிடு. நான் எதுவும் சொல்ல மாட்டேன், சத்தியமா. இங்க வேணாம், மிர்சீனி. இவ்வளவு பேர் முன்னாடி வேணாம்.”

அவன் கேட்டது நியாயமாகவே பட்டது. மூன்று நாள்தானே. ஒரு மோதிரம், நாலு போட்டோ, ஒரு ஷாம்பெயின். அவள் இடது கை மேஜையை விட்டு எழும்பியதுகூட உண்மை. விரல்கள் பெட்டிக்கு மேலே வந்துவிட்டன. அப்போதுதான் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது: ஊருக்குப் போனால் எவாந்தியா தேவாலயத்தில் நாள் குறித்திருப்பாள், இவன் பிறகு பேசலாம் என்பான். கல்யாணத்துக்குப் பிறகு பேசலாம் என்பான். அவளைக் கிழவியாக்கிப் புதைத்துவிட்டு அப்புறம் பேசலாம் என்று கல்லறைக்குப் பக்கத்திலும் விரலை உதட்டில் வைப்பான். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் எவாந்தியாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்கு நெருங்கி நின்றாள். வெறுங்கையை விரித்துத் திருப்பினாள். என்னாச்சு?

எங்கள் ஊரில் ‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. புருவத்தை உயர்த்தி, மோவாயை மேல் நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் முடிந்தது. பழக்கடைக்காரரும் பஸ் ஓட்டுநரும் பால்குடிக்கிற குழந்தையும் அதைத்தான் செய்கிறார்கள். பாதி மனதோடு அதைச் செய்ய முடியாது. ஒன்பது வருடத்தில் எவாந்தியாவைப் பார்த்து மிர்சீனி ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.

இப்போது செய்தாள். நிதானமாக, அவள் கண்ணைப் பார்த்தபடி.

அஸ்பாசியாவின் போன் மெல்லக் கீழே இறங்கியது. பல் மருத்துவன் புட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலிக்கு அடியில் வைத்தான். எவாந்தியாவின் விரித்த கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. ஸ்தாமாதிஸ் இன்னும் முழங்காலில்தான் இருந்தான். “என்ன பண்ணிட்ட, மிர்சீனி,” என்றான், கோபமில்லாமல், குழந்தை மாதிரி. அவள் அவன் தோளைத் தொட்டுவிட்டு எழுந்தாள்.

மூலையில் கலிரோயி படிக்கட்டின் சங்கிலியைக் கழற்றிவிட்டாள்.

“இந்தப் பக்கம் போயிடுங்கம்மா,” என்றாள் தணிந்த குரலில். “ஆபத்துன்னு எழுதிக்கிறேன்.”

மிர்சீனி அந்தப் படிக்கட்டைப் பார்த்தாள். கீழே இருட்டாகவும் சௌகரியமாகவும் இருந்தது. “வேணாம் மேடம்,” என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு நடந்துபோய் அதைத் தானே இழுத்துத் திறந்தாள். உள்ளே அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். எவாந்தியா நகரவில்லை. அவள் கண்ணில் கோபத்தைத்தான் மிர்சீனி எதிர்பார்த்தாள், அங்கே பயம் இருந்தது.

“ஒன்பது வருஷம் காத்திருந்தியே, பொண்ணே!”

“காத்திருந்தேன்மா,” என்றாள் மிர்சீனி. “அது தீர்ந்துபோச்சு.”