மோடத்தின் நீல விளக்கு

மூன்று மணிக்கு நேர்காணல். மணி இரண்டாகியும் மோடம் மனசு வைக்கவில்லை. மடிக்கணினியில் செருகியிருந்த அந்த விரல் நீளச் சாமானைச் சரளா முறைத்துப் பார்த்தாள். இரண்டு நிமிடம் நீல விளக்கு எரியும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்.

ஈப்போவின் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலை அவளை வேலையை விட்டு அனுப்பி ஏழு மாதம். இப்போது ஓர் இணையச் சேவை நிறுவனம், வீட்டிலிருந்தே தமிழ் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல ஆள் எடுக்கிறது. நேர்காணலும் வீடியோவில்தான். பேச்சு பாதியில் அறுந்தால் அத்தோடு சரி என்று முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த அவர்கள் தோட்டத்துக்கு இன்னும் கம்பி இணையம் வரவில்லை. மோடமே கதி.

"இங்க லைன் அவ்ளோதான் லா," என்றார் கணவர் தேவன், லாரிச் சாவியைச் சுழற்றியபடி. "ஆயர் தாவார் டவுன்ல கூட்டாளி கடை இருக்கு, அங்க லைன் நல்லா கெடைக்கும். வா, போலாம்."

"அந்தக் கடைச் சத்தத்துல நான் என்னத்தப் பேசறது? வேணாங்க."

தேவனுக்கு எந்தக் கோளாறுக்கும் லைன்தான் காரணம். சோறு குழைந்தால்கூட அதைத்தான் சொல்வார். ஆனால் சரளா, பதினாறு வருடம் பழுதான சில்லுகளைத் தேடிப் பொறுக்கியவள். மோடத்தை மடிக்கணினியோடு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தும் அணைந்தது. வேறு துளையில் செருகினாள், அணைந்தது. பக்கத்து வீட்டு நவமணியின் கணினியிலும் அதே கதைதான். ஆக, லைனும் இல்லை, கணினியும் இல்லை. அதோடு, லைன் போனால் விளக்கு சிவப்பாக மாறும். இதுவோ அடியோடு அணைகிறது. மின்சாரமே சரியாக ஏறவில்லை.

"இது எப்பருந்து இப்படி?"

"ஆயுத பூச முடிஞ்சதுலருந்துதான்..." என்ற தேவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மோடத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். செருகும் முனைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. மோந்து பார்த்தாள். சந்தனம்!

"லாரிக்கு வச்சேன். ஒனக்கும் இதானே ஆயுதம்னு..."

"தலையில வைக்கிறதுதானே? வாயில போயா அப்புவீங்க?"

"எது தலை, எது வாயின்னு யாருக்குத் தெரியும்?"

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. எல்லாவற்றையும்விட, கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் பொங்கியது. பல்குச்சியால் மெல்லச் சுரண்டினாள். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தாள். இரண்டே முக்காலுக்குச் செருகினாள். விளக்கு எரிந்தது. மூன்று மணி வரை இமைக்கவில்லை, விளக்கும்தான், சரளாவும்தான்.

திரையில் வந்த அதிகாரி ஹில்டா, கடைசியாக ஒன்று கேட்டார்: "ஒரு கஸ்டமரோட மோடம் அடிக்கடி அணைஞ்சு போவுது. என்ன செய்வீங்க?"

சரளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எடம் மாத்தச் சொல்வேன், துளை மாத்தச் சொல்வேன், வேற கணினியில பார்க்கச் சொல்வேன் என்று வரிசையாகச் சொன்னாள்.

"அதுக்கும் சரியாவலன்னா?"

"வீட்ல ஆயுத பூச கும்பிட்டீங்களான்னு கேப்பேன்."

சரளா சொன்ன சந்தனக் கதை முழுவதையும் கேட்ட ஹில்டா, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க பயிற்சிப் புத்தகத்துலயே இது இல்ல லா! திங்கக்கிழமை ஆரம்பிச்சிடுங்க."

நீல விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற தேவனைச் சரளா கூப்பிட்டாள்.

"வேல கெடச்சிருச்சுங்க! அடுத்த வருசமும் இதுக்குப் பூச உண்டு. பொட்டு மட்டும் நான் வைக்கிறேன்."