மரியசெல்வத்துக்குப் போகும் பாதை

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மரியசெல்வத்தைக் காணவில்லை என்று உலகம்மையின் கணினி தெரிவித்தது. மரியசெல்வம் அப்போது அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்.

இருவரும் துறைமுகத்துக் கிரேனுக்கு நிரல் எழுதுகிறவர்கள். தூக்குவது உலகம்மையின் நிரல். இறக்குவது மரியசெல்வம் தனியாக எழுதி வைத்த நிரல் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், அவர் பெயரைப் பார்த்துவிட்டுச் சரி என்றது. இரண்டையும் இணைக்க வேண்டிய லிங்கர், ஆளைக் காணோம் என்றது. கன்டெய்னர் அந்தரத்தில் தொங்கியது. கிரேன் ஓட்டுபவர் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்களைக் காணோம்ங்குது."

"இங்கனதான இருக்கேன்," என்றார் அவர். குரல் சற்றுத் தொலைவிலிருந்து வந்தது.

டீக்காரர் ஒரு டம்ளரை மட்டும் வைத்தார்.

"அண்ணனுக்கு?"

"எந்த அண்ணன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உலகம்மை லிங்கர் அலுவலகத்துக்குப் போனாள். அது நான்காவது மாடியில் இருந்தது. கட்டடத்துக்கு மூன்று மாடிதான்.

அங்கிருந்த அம்மாள் கோப்பைப் புரட்டினார். "பேரு இருக்கு. ஆளுக்குப் பாதை இல்ல."

"என் மேசைக்கு வலப்பக்கம், ஒரு முழம் தள்ளி இருக்காரு."

"உங்க மேசை எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வாசல்லருந்து எழுதிட்டு வாங்க."

அவள் வாசலிலிருந்து நடந்தாள். ஒவ்வொரு திருப்பத்தையும் எழுதினாள். காலையில் நாற்பது அடி இருந்த நடைபாதை இப்போது முந்நூறு அடி இருந்தது. முந்நூறு என்று எழுதினாள். தண்ணீர்க் குழாய் அருகே நின்று ஒரு வாய் குடித்தாள்.

அம்மாள் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நடுவுல நின்னதுல இடைவெளி விழுந்திருக்கு. இடைவெளி வந்தா பாதை அங்கனயே முடிஞ்சிரும்."

உலகம்மை போய்ப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய்க்கு அப்பால் சுவர்தான் இருந்தது.

மறுபடி வாசலுக்குப் போய், நிற்காமல் நடந்தாள். இம்முறை சுவர் இல்லை. மேசையை அடைந்தபோது மரியசெல்வத்தின் உடம்பு வழியே நாற்காலியின் முதுகு தெரிந்தது.

"சீக்கிரம், உலகம்ம. கால் மரத்துப்போச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. ஓடினாள்.

அம்மாள் தாளை நிதானமாகப் படித்தார். "அவரத் தனியா வச்சு, வேணும்போது கூப்பிட்டுக்கிடுதியளா? இல்ல, உங்களோடயே சேத்துரவா?"

"கூப்பிட்டு அவரு வராமப் போயிட்டா?"

"அப்படியும் நடக்கும்."

"சேத்துருங்க."

அம்மாள் முத்திரை குத்தினார்.

நாலரை மணிக்குக் கன்டெய்னர் தரையில் இறங்கியது. கிரேன் ஓட்டுபவரும் இறங்கி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். அடுத்த நாற்காலி காலியாக இருந்தது. உலகம்மை அதன் கீழே குனிந்து பார்த்தாள். மேசை மேல் அவருடைய போன் அடித்தது. எடுத்தாள். அவர் மனைவி லூர்து.

"எப்ப வாரீங்க? பிள்ளைக்கு இன்னும் காய்ச்சல் விடல."

தான் யாரென்று சொல்ல உலகம்மை வாயைத் திறந்தாள்.

"அரை மணி நேரத்துல வந்துருதேன்," என்றது மரியசெல்வத்தின் குரல், அவள் வாயிலிருந்து.

அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. அவருடைய சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டிப்போனாள். மூன்றாவது சந்தில் லூர்து கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

"மருந்து வாங்கிட்டியளா?"

உலகம்மை கைப்பைக்குள் கையை விட்டாள். மருந்து இருந்தது.