பதினொரு செக்கன்

திரையில் அந்த மனிதரின் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. அவர் யோசிக்கிறார் என்றுதான் உஷாந்தி முதலில் நினைத்தாள். இப்படியான விசாரணைகளில் ஆட்கள் பேச்சின் நடுவே நின்றுபோவது புதிதில்லை. பிறகுதான் அவருக்குப் பின்னாலிருந்த சுவர்க் கடிகாரத்தின் செக்கன் முள்ளும் அசையாமல் நிற்பதைக் கண்டாள். இணைய லைன் போய்விட்டது. மூச்சையடக்கிக் காத்திருந்தாள். முள் ஒரு குதி குதித்து இரண்டு எண்களைத் தாண்டி நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. பதினொரு செக்கன்.

"...அதோட நான் ஒருத்தரோடயும் கதைக்கிறதில்லை" என்று அவர் சொல்லி முடித்தார்.

திரையில் அவருக்கு எதிரே, மேசையின் மறுபக்கம் இருந்த அதிகாரி, நரைமுடியைக் கட்டையாக வெட்டிய பெண், பேனையை உயர்த்தி, "மொழிபெயர்ப்பாளர்?" என்றாள்.

லைன் போவதற்கு முன் அவர் சொன்னது உஷாந்தியின் கொப்பியில் இருந்தது. ஒன்பது நாள் தடுத்து வைத்திருந்துவிட்டு விட்டார்கள். பிறகு. அந்தப் 'பிறகு'வோடு எழுத்து நின்றிருந்தது. செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியும். இணைப்புத் துண்டிக்கப்பட்டது, கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்கவேண்டும். ஒரு வசனம். ஆனால் அந்த மாதத்தில் இரண்டு தரம் லைன் போய், இரண்டு தரமும் மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. மூன்றாவது என்றால் பட்டியலில் பெயர் இருக்காது. அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது சிலைபோல இருப்பவள். அவளுடைய படம் உறைந்ததும் உறையாததும் அந்தப் பக்கத்துக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. "ஒன்பது நாட்களின் பின் என்னை விடுவித்தார்கள். அதன் பிறகு நான் யாருடனும் பேசுவதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டு துண்டும் ஒட்டுத் தெரியாமல் பொருந்திவிட்டன. அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடி வீடு. ஏழு வருஷமாக அந்த வீட்டின் சின்ன அறையிலிருந்துதான் உஷாந்தி வேலை செய்கிறாள். விசாரணை நடக்கிற நாட்டில் காலை பத்து மணியென்றால் இங்கே பின்னேரம் இரண்டரை. ரயில் சத்தத்துக்கு யன்னலைச் சாத்தி, மைக்கில் இரையும் என்று காற்றாடியையும் நிற்பாட்டி, வியர்வையில் ஊறிக்கொண்டு, தஞ்சம் கேட்டுப் போனவர்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் அதிகாரிகள் கேட்பதைத் தமிழிலும் சொல்லிக் கொடுப்பாள். அவர்கள் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். என்னை அடித்தார்கள். என் மகனைக் காணவில்லை. தன்னைப்பற்றி ஏதும் சொல்ல வந்தால் மட்டும் 'மொழிபெயர்ப்பாளர்' என்று மூன்றாம் ஆளாகச் சொல்லவேண்டும். கேட்டது எதையும் வெளியே கதைக்கக் கூடாது, புருஷனோடுகூட. அவள் புருஷன் சுகிர்தன் வேலைபார்த்த கொள்ளுப்பிட்டிக் கந்தோர் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் மூடப்பட்ட நாளிலிருந்து வீட்டுச் சீவியம் முழுவதும் அவளுடைய குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு சாப்பாட்டில் அவளுக்கு மனம் செல்லவில்லை. அந்தப் பதினொரு செக்கனுக்குள் ஒரு மனிதன் எவ்வளவு சொல்லலாம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தன் பெயர், ஊர், கலியாணம், பிள்ளைப்பேறு எல்லாம் சொல்லி முடிந்தும் நேரம் மிஞ்சியது. அன்று அவர் சும்மா இருமியிருக்கலாம். கண்ணைத் துடைத்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விசாரணை முழுவதும் ஒலிப்பதிவாகும். யாராவது கேள்வி எழுப்பினால்தான் அதைத் திறந்து கேட்பார்கள். திறந்து கேட்டால்?

"புதுசா வந்திருக்கிற அந்த ரவுட்டரை வாங்கவேணும்" என்றாள்.

"உஷா, பழசு அவ்வளவு மோசமில்லையே" என்றான் சுகிர்தன். "மற்ற ஆக்கள் வாங்கி, விலை இறங்கட்டுமன். கொஞ்ச நாள் பொறுப்பம்."

"பொறுக்கேக்க திரும்பவும் லைன் போனா?"

"போனா, திருப்பிச் சொல்லச்சொல்லிக் கேளுமன். அதில என்ன கிடக்கு?"

அவள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர்க் கடைகள் நிறைந்த கட்டடமொன்றில் நப்ரீஸின் கடை இருந்தது. அவள் மடிகணினி வாங்கியதும் அங்கேதான். கடையின் கண்ணாடி அலுமாரிக்குள், மல்லாக்கக் கிடத்திய நண்டுபோல எட்டுக் கொம்புகளோடு அந்த ரவுட்டர் இருந்தது. அந்தக் கிழமைதான் வந்து இறங்கியதாம். விலை இரண்டரை லட்சத்துக்கு மேலே. உஷாந்தி அதைக் கையால் காட்டியதும் நப்ரீஸ் அலுமாரியைத் திறக்காமல் கதிரையை இழுத்துப் போட்டான்.

"சிஸ்டர், நான் யாவாரி. விக்கத்தான் இருக்கன். ஆனாலும் சொல்ல வேண்டியத சொல்லோணும். இது அடுத்த தலைமுறைச் சாமான். அதுட விதிமுறையே இன்னும் முழுசா எழுதி முடியல்ல, அதுக்குள்ள கம்பனி செஞ்சி அனுப்பிட்டான். ஒங்கட லெப்டொப்புக்கு இது பேசுற பாஷை தெரியா. இது எவ்வளவு வேகமா கத்தினாலும் அது பழைய பாஷைலதான் கேக்கும்."

"லைன் நிக்காம இருந்தாக் காணும் எனக்கு. வேகம் தேவையில்ல."

"அப்ப இது என்னத்துக்கு? மொதல்ல வாங்குறவங்க கம்பனிக்கு சும்மா டெஸ்ட் பண்ணிக் குடுக்குறாங்க. ஆறு மாசத்துக்கு ஒவ்வொரு கோளாறா திருத்துவான். பொறகு பாதி விலைக்கு வரும். நான் ஒங்களுக்குச் சொல்றது இதான்." எழும்பிப்போய் ஒரு சுருள் சாம்பல் நிற வயரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "பத்து மீட்டர். இருக்கிற ரவுட்டர்லருந்து நேரா லெப்டொப்புக்குக் குத்துங்க. ஒங்கட பில்டிங்ல நூறு வீட்டு வைஃபை ஒண்டோட ஒண்டு முட்டுது. வயருக்குள்ள வேற யாரும் வர ஏலா."

"வயரில பிழை வந்தா?"

"வயர்ல பிழை வந்தா கண்ணுக்குத் தெரியும், சிஸ்டர்."

அவன் சொன்னதெல்லாம் சரி என்று அவளுக்கு விளங்கியது. அவள் அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்துக்குச் சின்ன மருந்து பிடிக்காது. இந்த வயர் போதுமென்றால், அந்தப் பதினொரு செக்கனைச் சின்னக் காசில் தவிர்த்திருக்கலாம் என்றாகிவிடும். அதை அவளால் தாங்க முடியவில்லை. "ரெண்டையும் தாங்கோ" என்றாள். நப்ரீஸ் அதற்குமேல் வாதாடவில்லை. வயருக்குக் காசு எடுக்கவுமில்லை.

புது ரவுட்டர் மேசையில், கைக்கெட்டிய தூரத்தில், நீல வெளிச்சத்தோடு குந்தியிருந்தது. தொட்டால் சுட்டது, காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகுபோல. மூன்றாம் நாள் மத்தியானம், வேலை ஏதுமில்லாத நேரம், யாரும் தொடாமலே வெளிச்சம் சிவப்பாகி அணைந்தது. புதிய மென்பொருளை இறக்கித் தன்பாட்டில் நின்று எழும்புகிறது என்று தொலைபேசியில் அறிவித்தல் வந்தது. நாலு நிமிஷம். உஷாந்தி வாசல் நிலையைப் பிடித்தபடி அது எழும்பும்வரை நின்றாள். இது இரண்டரை மணிக்கு நடந்திருந்தால்? தானாக மாறாதபடி அதற்குள்ளிருந்த தெரிவுகளையெல்லாம் தேடித் தேடி நிற்பாட்டினாள். நப்ரீஸின் வயரையும் அதிலிருந்து மடிகணினிக்குக் குத்தினாள். அதற்குப் பிறகு லைன் ஒருநாளும் போகவில்லை. எது லைனைப் பிடித்து வைத்திருந்தது, ரவுட்டரா வயரா என்று அவளுக்குத் தெரியாது. கழற்றிப் பார்க்கவும் துணிவு வரவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு அடுத்த கிழமைக்கான நேர அட்டவணை வந்தது. புதன்கிழமைக்கு நேரே பழைய கோப்பு இலக்கம் ஒன்று. தொடர் விசாரணை, அதே மொழிபெயர்ப்பாளர். அந்த இலக்கம் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. சுகமில்லை என்று அறிவிக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தாள். அறிவித்தால் வேறொரு ஆள் வந்து, வேறு விதமாகக் கேட்டு, எல்லாம் வெளியே வந்துவிடுமோ என்று பயம் வந்தது. போகாமல் விடுவதைவிடப் போவதே பாதுகாப்பு என்று புதன்கிழமை பின்னேரம் யன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

படம் இவ்வளவு தெளிவாக ஒருநாளும் இருந்ததில்லை. அந்த மனிதர் மெலிந்திருந்தார். சவரம் செய்யும்போது நாடியில் வெட்டிக்கொண்ட கீறல்கூடத் தெரிந்தது. அவர் ஒருதரமும் அவளை நேரே பார்க்கவில்லை. அதிகாரி பழைய பதிவுகளைப் புரட்டி, முகவரி, திகதி என்று சரிபார்த்துக்கொண்டு போனாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"சென்ற முறை நீங்கள் ஒரேயொரு தடவை பிடிக்கப்பட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது, நீங்கள் பிறகு அனுப்பிய கடிதத்தில் இரண்டாம் தடவை ஒன்று இருக்கிறது. அதுதான் மோசமானது என்கிறீர்கள். அப்படியென்றால் அதை ஏன் அன்று சொல்லவில்லை?"

உஷாந்தி தமிழில் சொன்னாள்.

"சொன்னனான்" என்றார் அவர். "அண்டைக்கே சொன்னனான். விட்டாப்பிறகு நாலாம் நாள் திருப்பியும் வந்து என்னைப் பிடிச்சு ஏத்தினவங்கள் எண்டு சொன்னனான். இவவுக்குத்தான் சொன்னனான்." விரல் திரையை நோக்கி நீண்டது.

அதை அவள்தான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். சொன்னாள். நான் அன்றே சொன்னேன். நான் மொழிபெயர்ப்பாளரிடம்தான் சொன்னேன்.

"பதிவில் அப்படி எதுவும் இல்லை" என்றாள் அதிகாரி. கோபமில்லாமல்தான் சொன்னாள். பேனை ஏதோ எழுதியது. சின்னதாக, ஒரு வரி. ஒரு மனிதரின் வாயிலிருந்து வந்ததைப் பொய் என்று குறிக்க அவ்வளவு இடம் போதும்.

உஷாந்தியின் வலக்கை தன்பாட்டில் ரவுட்டரில் போய் இருந்தது. சூடு உள்ளங்கையில் ஏறியது. பின்பக்கத்தில் சுவிட்ச் விரலுக்குத் தட்டுப்பட்டது. அமத்தினால் போதும். கரண்ட் போய்விட்டது என்று ஒரு மின்னஞ்சல். கொழும்பில் கரண்ட் போனது என்றால் நம்பாத ஆள் உலகத்தில் இல்லை. மூன்றாவது எச்சரிக்கை வந்தாலும் கெஞ்சிப் பார்க்கலாம். அந்தக் கோப்பு வேறு ஆளிடம் போய்விடும். மூன்று கிழமைக்கும் மேலாக லைன் போய்விடக் கூடாது என்று கும்பிட்டவள், இப்போது அது போகாதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீல வெளிச்சம் ஆடவுமில்லை, அசையவுமில்லை. திரையில் அவருடைய விரல் இன்னமும் நீட்டியபடியே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மெல்ல மடக்கி மடியில் வைத்தார்.

அவள் கையை எடுத்தாள்.

"மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்லவேண்டும்" என்றாள் ஆங்கிலத்தில். குரல் தன்னுடையதுபோல இல்லை. "சென்ற விசாரணையில் மொழிபெயர்ப்பாளரின் இணைப்பு ஏறக்குறையப் பதினொரு செக்கன் துண்டிக்கப்பட்டது. அந்த நேரம் அவர் சொன்னது மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை. அதை மொழிபெயர்ப்பாளர் உங்களுக்கு அறிவிக்கவில்லை."

அதிகாரி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டாள். "ஏன்?"

"பயத்தில்."

"இதை அவருக்கும் சொல்லுங்கள்."

ஏழு வருஷமாக அவள் வாயில் வந்த 'நான்' எல்லாம் வேறு ஆட்களுடையது. "அண்ணா" என்று தொடங்கினாள். அப்படி அழைக்கக் கூடாது என்பது விதி. "நீங்கள் அண்டைக்குக் கதைச்சுக்கொண்டிருக்கேக்க என்ர லைன் நிண்டுட்டுது. நடுவில சொன்னது எனக்குக் கேக்கேல்லை. நான் திருப்பிக் கேட்டிருக்கவேணும். கேக்காம, கேட்டமாதிரிச் சொல்லிப்போட்டன். என்ர வேலை போயிடுமெண்டு பயந்து."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தாள். அவர் அப்போதுதான் அவளை நேரே பார்த்தார்.

"அப்ப உங்களுக்குக் கேக்கவே இல்லை?"

"இல்லை."

"நான் நினைச்சன், கேட்டுப்போட்டு வேணுமெண்டு மறைச்சனீங்கள் எண்டு." உதட்டை நாக்கால் நனைத்தார். "எனக்குக் கடிதம் எழுதித்தந்த பொடியன் பதிவை வாசிச்சுக் காட்டேக்கதான் தெரியும், அது இல்லையெண்டு. அண்டைக்கு உங்கட பக்கம் ரயில் சத்தம் கேட்டது. கொழும்பில இருந்து கதைக்கிற ஆள், ஆற்றையோ ஆளாக்கும், நான் சொல்லுறதெல்லாம் என்னைப் பிடிச்சவங்களிட்டப் போகுதாக்கும் எண்டு... ஊரில மனிசியும் பிள்ளையளும் இருக்கினம். அதுக்குப் பிறகு நான் நித்திரை கொள்ளேல்லை."

அதையும் அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், ஒரு சொல் விடாமல், 'நான்' என்றே சொல்லி. சொல்லும்போது தன்னையே பார்த்துப் பயந்த ஒருவரின் குரலில் தான் கதைப்பது விளங்கி, நடுவில் ஒருதரம் நிறுத்தித் தண்ணீர் குடிக்கவேண்டியிருந்தது.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒலிப்பதிவு எடுத்துக் கேட்கப்படும், நிறுவனத்துக்கும் அறிவிக்கப்படும் என்றாள். உஷாந்தி தலையாட்டினாள். இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது என்றாள் அதிகாரி. வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் இன்னொரு நாள் வைக்கலாம், இல்லையென்றால் இப்போதே சொல்லலாம். அதை அவரிடமே கேட்கும்படி சொன்னாள்.

உஷாந்தி கேட்டாள். கேட்டுவிட்டுக் கொப்பியில் புதுப் பக்கத்தைப் பிரித்துக் கையால் தடவி விட்டாள். மேசையில் தொலைபேசி அதிர்ந்தது, அவள் திரும்பவில்லை.

அவர் கதிரையை நிலத்தில் உரசி முன்னுக்கு இழுத்தார். மேசையிலிருந்த மைக்கை இரண்டு கையாலும் எடுத்து, குளிர் பிடித்தவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பொத்துவதுபோலப் பொத்தி, உதட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். அவளுடைய காதுக்குள் முதலில் வந்தது மூச்சுத்தான். நீளமாக இழுத்து, உள்ளே வைத்துக்கொண்ட மூச்சு.